கொள்ளு வீட்டு மேஜர்

பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, "இனிமேலாவது ரெஸ்ட் எடுங்க சார்" என்று அனுப்பிவைத்தார்கள். பத்து வருஷம் ஆகிறது. அந்த ரெஸ்டைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.

காரணம் பதினோரு வெள்ளைக்காரர்கள். எல்லோரும் பட்டாளத்து ஆட்கள், எல்லோரும் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள். உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டிய பழுப்புப் போட்டோக்களாக என் பீரோவில் குடியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் காலுக்குக் கீழேயும் அவரவரே போட்ட கையெழுத்து உண்டு. அந்தக் காலத்துத் துரைகள் இப்படிப் படம் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்களாம். நாம் கல்யாணப் பத்திரிகை கொடுப்பது மாதிரி. திரும்ப மொய் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கையெழுத்துப் பைத்தியம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. சார்பதிவாளர் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் கிளார்க். அங்கே நான் பார்த்த கையெழுத்துகளை வரிசையாக ஒட்டினால் பழனி வரை போய்த் திரும்பிவிடும். கைநாட்டுகளைச் சேர்த்தால் ராமேஸ்வரம், அங்கே கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம். ஒரு கையெழுத்தைப் பார்த்தால், போட்டவன் அன்று காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் பேகம்பூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ஹாதி, கொடைக்கானல் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது லாரியோடு இறக்கிய குப்பையில் ஒரு ஆல்பம் இருந்தது. பன்னிரண்டு பேருக்கு இடம். ஒவ்வொரு இடத்துக்குக் கீழேயும் பென்சிலால் பெயர். பதினோரு பேர் ஆஜர். பன்னிரண்டாவது இடம் காலி. கீழே 'மேஜர் ஃபார்லி' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த ஃபார்லியைத் தேடி நான் அலைந்த அலைச்சலை அவர் பட்டாளம்கூட அலைந்திருக்காது. கொடைக்கானலுக்கு எழுபத்தெட்டு முறை. கல்லறைத் தோட்டங்களில் நான் கும்பிட்டு நகர்ந்த கல்லறைகளைப் பார்த்து, குடும்பத்தில் பெரிய விபத்து போல என்று ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். லண்டனில் இதே கிறுக்குப் பிடித்த சிலர் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுதிக் கேட்டேன். ஃபார்லி கையெழுத்திட்ட படம் உலகத்தில் எங்கேயுமே இல்லை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து என் முழங்கால் வலி இரண்டு மடங்கானது.

"ஃபார்லிக்குப் பொண்டாட்டி இருந்திருந்தா அவகூட இம்புட்டுத் தேடியிருக்க மாட்டா" என்பாள் என் மனைவி ஆனந்தி. அவள் ரிட்டயர்டு டீச்சர். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். இதை மட்டும் இருபது வருஷமாகச் சொல்கிறாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அலுத்துப்போயிருந்தது. பீரோவைத் திறந்தாலே கொட்டாவி வந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில்தான், ஆனி மாசக் கடைசியில், ஹாதி போன் செய்தார்.

"சாரே, உங்க பன்னெண்டாவது ஆளு வடமதுரைக்கு அங்கிட்டு ஒரு பூந்தோட்டத்துல இருக்காரு."

"வெளையாடாதீங்க பாய். எனக்கு மூட்டு வலி."

"வெளையாட்டு இல்ல. பழைய பித்தளை கேட்டுப் போனேன். டிரங்குப் பெட்டியில அண்டாவைத் தேடுறப்ப அந்தம்மா கையில வந்துச்சு. மீசை இருக்கு, வாள் இருக்கு, அடியில கையெழுத்து இருக்கு. நீங்க எழுதிக் குடுத்த பேருதான், எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பின்னாடி பூரா இங்கிலீசு. எறும்பு மையில விழுந்து எந்திரிச்சு நடந்த மாதிரி."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். பின்னாடி உள்ளதைப் படிச்சுச் சொல்றவங்களுக்குத்தான் குடுப்பேன்னுருச்சு. யாரு யாரோ வந்து முழிச்சிட்டுப் போயிருக்காங்க. ஒரு காலேஜ் வாத்தியாரு, கண்ணாடி வீட்ல இருக்குன்னு போனவரு இன்னும் வரலையாம்."

பழைய ஆங்கிலக் கையெழுத்து எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைக்காரன் காலத்து ரிக்கார்டு அறையில் கரையானோடு போட்டி போட்டுப் படித்தவன் நான். மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

திருச்சி ரோட்டு டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் ஏறும்போது கறுத்த முடியோடு ஏறினார், இறங்கும்போது நரைத்திருந்தது. அப்படி ஒரு வேகம். வடமதுரையில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆட்டோ விட்ட இடத்திலிருந்து சம்பங்கி வயல் வழியே நடை. வெயில் என் தலையில் தோசை ஊற்றித் திருப்பிப்போட்டது.

மாயம்மாள் வயல் ஓரத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, காதில் தண்டட்டி தொங்கிய பெரிய ஓட்டை மட்டும். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பாய் அனுப்புன ஆளா?"

"ஆமாம்மா. மரியராஜ். ரிஜிஸ்தர் ஆபீசுல இருந்தவன்."

"ரிஜிஸ்தர் ஆபீசா?" குரலில் ஒரு மாற்றம். "அப்ப நிழல்ல உக்காருங்க. முன்னாடி வந்தவுகளைப் பூராம் வெயில்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டேன்."

வீட்டுக்குப் போய், மோர் கொடுத்து, பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய புருஷன் சின்னக்கண்ணு இறந்துபோய் ஏழு வருஷம் ஆகிறது. அந்தக் குடும்பத்து முன்னோர் ஆண்டிச்சாமி ஒரு துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது ஆண்டிச்சாமி கையில் இந்தப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஊருக்கு வந்தால், வேலை போனவனுக்குக் கையில் ஒரு படம்தான் மிச்சமா என்று சிரித்திருக்கிறார்கள். துரையின் குதிரைக்கு வைத்த கொள்ளைத் திருடியதால்தான் விரட்டிவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பி, வீட்டுக்கே 'கொள்ளு வீடு' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

"பேரு கெடக்கட்டும் சார். பானை போச்சு" என்றார் மாயம்மாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி அவர்கள் குலசாமிக்குப் பொங்கல். அண்ணன் தம்பி இரண்டு வகையறா. மூத்தவர் வழிதான் முதல் பானை வைக்க வேண்டும். மூத்தவர் ஆண்டிச்சாமி. ஆனால் திருட்டுப் பேர் வந்த அன்றைக்கே முதல் பானை தம்பி வகையறாவுக்குப் போய்விட்டது. இப்போது வைப்பவர் மூக்கையா, மாயம்மாளுக்குக் கொழுந்தன் முறை. போர்வெல் லாரி வைத்திருக்கிறார்.

"நான் கல்யாணமாகி வந்த வருசம் தெரியாம பானையத் தூக்கிட்டு முன்னாடி போயிட்டேன். அந்தாளோட அப்பன், கொள்ளு வீடெல்லாம் பின்னாடி நில்லுன்னாரு. பதினெட்டு வயசு எனக்கு. பானையோட அப்படியே நின்னேன். அன்னையிலருந்து பின்னாடிதான் வெக்கிறேன். இந்த எழுத்துல எங்க பெரியவரு யோக்கியருன்னு இருந்தா, சாகுறதுக்குள்ள ஒரு வருசம் முன்னாடி வெச்சிருவேன். எழுத்து என்னான்னு தெரிஞ்சா போதும். துரை மூஞ்சிய வெச்சு நான் என்ன பண்ணப்போறேன், நீங்களே கொண்டு போங்க."

டிரங்குப் பெட்டியிலிருந்து, பாச்சா உருண்டை வாசத்தோடு, மஞ்சள் துணியில் சுற்றிய அட்டை வந்தது.

ஃபார்லிதான். இத்தனை வருஷம் இருட்டில் இருந்ததால் நேற்று எடுத்த படம் மாதிரி இருந்தார். என் பதினோரு பேரும் வெளிறிப்போன கிழவர்கள். இவர் மீசையில் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம். நான் எண்ணினேன், நானூற்றுப் பன்னிரண்டு. கீழே கையெழுத்து, அவசரமே இல்லாத கையெழுத்து. இவர் அன்று காலையில் சாப்பிட்டவர்.

போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவா என்றேன். படத்தைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லிவிட்டார். யாருடைய ஆயுசு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திருப்பினேன். பொடிப்பொடியாக, விளிம்பு வரை எழுத்து. பூதக்கண்ணாடி கொண்டுபோகவில்லை. மேல் வரி ஓடியது: இதைக் கொண்டுவரும் ஆண்டி பதினோரு ஆண்டுகள் என் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். நல்லது. அடுத்த வரி: இவன் ஒரு திருடன். அதற்கும் அடுத்தது: என் குதிரைகளின் கொள்ளை...

அதோடு நிறுத்திக்கொண்டேன். கண் நின்றது, வாய் நிற்கவில்லை.

"என்ன சார் போட்டிருக்கு?"

ஃபார்லி என் கையில் இருந்தார். இருபது வருஷம், எழுபத்தெட்டு கொடைக்கானல், இரண்டு முழங்கால். மாயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

"ஆண்டிச்சாமியைப் போல யோக்கியன் சீமையிலேயே கிடையாதுன்னு போட்டிருக்கும்மா."

"அப்படியா?"

"சிறுமலைக் காட்டுல துரை மேல புலி பாஞ்சிருக்கு. ஆண்டிச்சாமி வெறுங்கையோட புலி வாயைப் பிடிச்சு ரெண்டா..." கொஞ்சம் அதிகம் என்று எனக்கே பட்டது. "ரெண்டா பிரிக்கப் பார்த்திருக்காரு. புலி ஓடிப்போச்சு."

ஆரம்பித்தால் நிறுத்த வராத வியாதி எனக்கு. புலிக்குப் பின்னால் ஒரு வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் துரையைத் தோளில் சுமந்துகொண்டு ஆண்டிச்சாமி குடகனாற்றைக் கடந்தார். கடைசியில் மகாராணிக்கே தகவல் போயிற்று.

மாயம்மாள் சிரிக்கவில்லை. படத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துணியில் சுற்றினார்.

"மூணாவது வெள்ளி கோயிலுக்கு வந்துருங்க சார். இதை அப்படியே தமிழ்ல எழுதி, பங்காளிக அம்புட்டுப் பேரு முன்னாடியும் படிச்சிருங்க. படிச்ச கையோட படத்தைத் தந்துருவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்து ஆனந்தியிடம் சொன்னேன். புலியைச் சொன்னபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகாராணி வந்தபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆபீசுல இருந்தப்ப ஒரு எழுத்து மாத்திப் படிச்சதில்லன்னு சொல்லுவீங்க."

"அது ஆபீஸ்."

"இது என்ன?"

ஊருக்குள் நான் விடாத கதை கிடையாது; மலைக்கோட்டையை வாடகைக்கு விட்ட கதைகூட நான் விட்டதுதான். ஆனால் ஆபீசில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும் முன் பத்திரத்தைப் படித்துக்காட்டுவது என் வேலை. ஒருமுறை ஒரு கிழவரின் மகன்கள், வேகமாகப் படித்துவிடும்படி கண்ணைக் காட்டினார்கள். நான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கிழவர் மையில் வைத்த விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முப்பத்து நான்கு வருஷத்தில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. புலியெல்லாம் அதற்கப்புறம்தான்.

இருந்தாலும் ஃபார்லி வேண்டும். புலியையே எழுதிவிடுவது, படத்தை வாங்குவது, வீட்டுக்கு வந்து ஒரு மாசம் படுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கிழவிக்கும் பானை கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்.

மூன்றாம் வெள்ளி ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. எனக்கு அது உதவி. நான் பாதி தூரம்தான் நடந்தேன், மீதியைக் காற்று நடந்தது. கோயில் என்பது புளியமரத்தடியில் ஒரு பீடமும் மூன்று வேலும். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். செங்கல் கூட்டிய அடுப்புகள் ஒரே வரிசையில் இருந்தன. பானைகள் இன்னும் ஏறவில்லை. மாயம்மாள் வரிசையின் கடைசி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"சார், பத்திரமா இருக்கட்டும்னு ஒரு வேலை பண்ணிட்டேன்" என்றார்.

மடியிலிருந்து எடுத்தார். வெயில் பட்டுப் பளீரென்று அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன்.

லேமினேஷன்.

"வடமதுரை ஜெராக்ஸ் கடையில, ஆதார் கார்டுக்குப் போடுற மிசினு. நல்லா ஒட்டட்டும்னு ரெண்டு தடவ விட்டு எடுக்கச் சொன்னேன்."

இரண்டு தடவை. நூற்று நாற்பது வருஷம் இருட்டிலும் மஞ்சள் துணியிலும் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்த மேஜர், ஜெராக்ஸ் கடையில் இரண்டு தடவை வெந்திருந்தார். மீசைக்கு மேல் ஒரு கொப்புளம். வாள் பழுத்துப்போயிருந்தது. நான்கு பக்கமும் விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் ஓரம். எந்த ஆல்பத்திலும் இனி நுழையாது. பிரிக்கலாம் என்றால் முகத்தோடுதான் வரும். கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு வந்த அலுப்பைச் சொல்லி மாளாது. இருபது வருஷ அலுப்பும் ஒரே நிமிஷத்தில் வந்து தோளில் உட்கார்ந்தது. புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லாருக்குல்ல சார்?"

"ரொம்ப நல்லாருக்கும்மா."

"இந்தாங்க, எழுதுங்க" என்று ஒரு தாளை நீட்டினார்.

பத்திரத் தாள். முத்திரை போட்ட, அரசாங்கச் சின்னம் வைத்த, அசல் பத்திரத் தாள். என் வாழ்க்கையின் முப்பத்து நான்கு வருஷம் அந்தத் தாளின் வாசத்தில் போயிருக்கிறது.

"இது எதுக்கும்மா? வெள்ளைத் தாளு போதுமே."

"வெள்ளைத் தாள்ல யாரு வேணா என்ன வேணா எழுதுவாங்க. நீங்க ரிஜிஸ்தர் ஆபீசுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அடியில நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, படிச்சுக் காட்டினேன்னு."

அதற்குள் மூக்கையா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, போர்வெல் போட்டுப் போட்டுக் காது மந்தமானவர். எனவே அவர் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும்.

"என்ன மதினி, புலி வாயைப் பிளக்கப்போறீங்களாம்ல. இவருதான் புலி கொண்டாந்தவரா?"

"செத்த நேரம் பொறுங்க கொழுந்தனாரே. எழுத்து பேசும்."

"பேசட்டும் பேசட்டும். கொள்ளுன்னு ஒரு வார்த்தை வந்தா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தாளைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். 'புலி' என்று எழுத வேண்டும். இரண்டே எழுத்து. கை ஓடவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பேனா முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நின்று வர மாட்டேன் என்றது. பத்திரத் தாளில் நான் பொய் எழுதியதில்லை. ஆனால் 'இவன் திருடன்' என்று எழுதினால், ஐம்பது வருஷத்துக்கு மேல் பின்னால் நின்ற ஒரு மனுஷியை ஊர் முன்னால் நானே பிடித்து இன்னும் பின்னால் தள்ளுவேன்.

எழுதுவதைத் தள்ளிப்போட ஒரே வழி, படிப்பது. இந்தத் தடவை பூதக்கண்ணாடி இருந்தது. பிளாஸ்டிக் மினுமினுப்பை மறைக்கத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை, எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஆவி பிடிக்கிறேன் என்று நினைத்து யாரோ ஒரு அம்மாள் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். துண்டை எடுத்தபோது எனக்கு வேர்த்திருந்தது. மறுபடி போர்த்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். பிறகு எழுதினேன். அரை மணி நேரம் ஆனது.

மாயம்மாள் எல்லோரையும் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, ஆபீசில் படிக்கும் அதே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் படித்தேன்.

"இதைக் கொண்டுவரும் ஆண்டி என்பவன் பதினோரு ஆண்டுகள் என் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். இவன் ஒரு திருடன்."

மூக்கையா தொடையில் தட்டினார். மாயம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்லுவதற்கு என்னிடம் மிகைப்படுத்தும் சரக்கு எதுவும் இல்லை. கண்ணைத் தாளுக்கு இறக்கித் தொடர்ந்தேன்.

"என் குதிரைகளின் கொள்ளைப் பஞ்ச காலத்தில் தினம் ஒரு படி திருடினான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். என் குதிரைகள் இளைத்தன. அவனுடைய மூன்று பிள்ளைகளும், அவன் தம்பியின் நான்கு பிள்ளைகளும் பிழைத்தார்கள். அந்த ஊரில் அந்த வருஷம் பிழைத்த குழந்தைகள் அதிகம் இல்லை. நான் இரண்டு குதிரைகளை விற்றுவிட்டேன். கொள்ளு வாங்கும் அளவைக் குறைக்கவில்லை. இவனை வேலைக்கு வைப்பவர் கொள்ளு மூட்டையை இவன் பொறுப்பிலேயே விடலாம். ஒப்பம், ஈ. ஃபார்லி, மேஜர்."



கூட்டத்தில் ஒரு பெரியவர், ராமர் என்று பெயர், விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "தம்பிக்கு நாலு புள்ளன்னா... அதுல மூத்த புள்ள நம்ம பூட்டன்ல. ஏலே மூக்கையா, உனக்குப் பூட்டன்."

"தாது வருசப் பஞ்சம்" என்றார் இன்னொருவர். "தெக்குத்தெருவே காலியாயிருச்சுன்னு சொல்லுவாங்க."

மூக்கையா காதில் கையை வைத்து, "தம்பி புள்ளைகளா? சரியாப் படிங்க சார்" என்றார். அந்த வரியை மறுபடி படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவையும் படித்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வை இல்லாத முகத்தை.

மாயம்மாள் என் பக்கம் வந்தார்.

"புலி எங்க சார்?"

"புலி இல்லம்மா. நான் விட்டது."

"எதுக்கு?"

"படத்துக்காக. திருடன்னு பார்த்ததும் அதுக்குக் கீழ படிக்கல."

"சிறுமலை வரைக்கும் போயிப் புலியைக் கூட்டியாந்தீங்களே, அதுக்கு ரெண்டு வரி கீழ போயிருக்கலாம்ல" என்றார்.

பிறகு கடைசி அடுப்புக்குப் போய்ப் பானையைத் தூக்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வரிசை நெடுகிலும் நடந்து முதல் அடுப்புக்கு வந்தார். மூக்கையா வீட்டுப் பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் மூக்கையாவைப் பார்த்தார்கள்.

"என்னைய என்ன பாக்குறீங்க" என்றார் அவர். "நகந்து நில்லுங்க. துரையே தெரிஞ்சு விட்டுட்டான்னா அது திருட்டாகுமா. மதினி வெக்கட்டும்."

மாயம்மாள் பானையை அடுப்பில் ஏற்றினார். சூடத்தைக் காட்டி, ஓலையைப் பற்றவைத்து, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். பொங்கும் வரை எழுந்திருக்கவில்லை.

பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். அதன் பிறகு அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தார். லேமினேஷன் போட்ட மேஜரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "எனக்கு இனி இந்தப் பத்திரம் போதும். இவரைக் கொண்டு போங்க."

வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. கொப்புளமோ, வெந்ததோ, ஃபார்லி ஃபார்லிதான். கையை நீட்டினேன்.

"அது எப்படி" என்றது ஊருக்கே கேட்கும் ஒரு குரல். மூக்கையா. "துரை எங்க பூட்டனையும் சேர்த்துத்தான எழுதியிருக்கான். அதுல எங்களுக்கும் பாத்தியதை உண்டு. வெளியாளுக்குத் தூக்கிக் குடுக்க முடியாது."

"இத்தன வருசமா அதைப் பாத்துச் சிரிச்சீங்க" என்றார் மாயம்மாள்.

"சிரிச்சேன். அப்ப தெரியாது. இப்பத் தெரியும்."

ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. நான் நடுவில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டேன், வேறென்ன செய்வது. மாயம்மாள் ஒரு கட்டத்தில் என்னைப் பார்த்து, "வாக்குக் குடுத்துட்டேன் சார், ஆனா சாமி முன்னாடி பங்கு கேக்குறாங்களே" என்றார். கடைசியில் ராமர் தீர்ப்புச் சொன்னார்: தையிலிருந்து ஆனி வரை மாயம்மாள் வீடு, ஆடியிலிருந்து மார்கழி வரை மூக்கையா வீடு. வாய்ப்பேச்சு பின்னால் சண்டையாகும், எழுதிவிடலாம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாயம்மாள் மடியிலிருந்து இன்னொரு பத்திரத் தாள் வந்தது. பிழையானால் மாற்றி எழுத வாங்கி வைத்திருந்தாராம்.

ஆக, ஓய்வு பெற்று பத்து வருஷம் கழித்து, என் இருபது வருஷ ஆசைக்கு நானே என் கையால் பாகப்பிரிவினை எழுதினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. கண் பூத்துப்போயிற்று. ஆனாலும் எழுதப் பழகிய கை சும்மா இருக்குமா. ஆறாவது ஷரத்தாகப் பொடி எழுத்தில் ஒன்று சேர்த்தேன்: படம் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு மாறும் ஒவ்வொரு முறையும், சேதாரம் ஏதும் உண்டா என்று பரிசோதிக்கும் பொருட்டு, திண்டுக்கல் மரியராஜ் வசம் ஒரு மாத காலம் இருக்க வேண்டியது.

கையெழுத்துக்கு நீட்டினேன்.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றார் மாயம்மாள். "நிறுத்திப் படிங்க."

படித்தேன். ஐந்து ஷரத்துக்குத் தலையாட்டினார்கள். ஆறாவதைப் படித்தபோது மாயம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஒரு மாசம் எதுக்கு? மூணு நாளு போதும்."

"அஞ்சு நாளுன்னு வெச்சுக்கலாமே மதினி, பாவம், மனுசன் மூட்டு வலியோட வந்துட்டுப் போறாரு" என்றார் மூக்கையா.

"மூணு."

'ஒரு மாத காலம்' என்பதை அடித்து, மேலே 'மூன்று நாள்' என்று எழுதி, அடித்தல் திருத்தல் ஒன்று என்று அடியில் குறித்து, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். மூக்கையா தன் பேரை முழுசாக எழுதினார். மாயம்மாள் கட்டை விரலை மையில் தோய்த்துவிட்டு, "இனி மாத்த ஒண்ணும் இல்லையே" என்று என்னிடம் கேட்டார்.

இல்லை என்றேன். அவர் விரலை வைத்து அழுத்தினார்.